புரட்டாசியில் கரைக்கு வரும் கெண்டை

ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்கு வந்து எட்டு மாதமாகும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணா, ட்ரவுட் பிடிக்கலாம் என்று ஆசையாக வாங்கிய ஃப்ளை ராட் வீட்டில் சும்மா கிடக்கிறது. ட்ரவுட் இருக்கிற மலைப்பக்கம் போய்வருவதற்கே ஒரு நாள் போய்விடுகிறது. பக்கத்திலேயே வால் நதியிலும் அணைகளிலும் கெண்டை கொட்டிக் கிடக்கிறது என்கிறார்கள். கெண்டை ஃப்ளைக்கு வருமா? வரும் என்றால் எந்த மாதத்துக்கு எந்த ஃப்ளை?"

வரும், தம்பி. நன்றாகவே வரும். (புதிதாகப் படிப்பவர்களுக்கு: ஃப்ளை என்பது முள்ளில் நூல், மயிர் சுற்றிப் பூச்சி, புழு போலக் கட்டும் போலி இரை. அதை வீசும் தூண்டில் கோல்தான் ஃப்ளை ராட்.) பதினாறு வருடமாக இந்த நாட்டில் நான் அதிகம் தேடிப்போகிற மீன் இதுதான். ஆனால் மாதவாரியாக ஃப்ளைப் பட்டியல் ஒன்று எழுதிக் கொடுத்தால் அது உங்களுக்கு உதவாது. என் பெட்டியில் ஆறேழு வகை ஃப்ளைதான் இருக்கிறது. அதில் பாதி வருடம் முழுக்க வேலை செய்கிறது. பருவத்துக்குப் பருவம் மாறுவது மீன் நிற்கும் இடமும் அது மேயும் விதமும். அதைக் கண்ணால் பிடித்துவிட்டால் பாதி மீன் பிடித்த மாதிரி. அதனால் மீனிலிருந்தே தொடங்குகிறேன்.

நாம் பேசுவது ஊரில் பண்ணைக் குட்டைகளில் விடுகிற சாதாக் கெண்டை. தாமிரபரணிப் படித்துறையில் மண்புழு கோத்து நான் தூக்கிய விரல் நீளக் கெண்டைகளுக்கு இது தூரத்து உறவு. இந்த நாட்டுக்கு ஐரோப்பியர் கொண்டுவந்து விட்டது. இன்று பெரும்பாலான அணைகளிலும், மெதுவாக ஓடும் ஆறுகளிலும் இருக்கிறது. ஊரில் வளர்க்கத் தடை போட்டிருக்கும் ஆப்பிரிக்கக் கெளுத்தி இங்கே மண்ணின் மீன், கெண்டைதான் வந்தேறி. அடியைக் கிளறித் தண்ணீரைக் கலக்கிவிடும் என்பதால் இங்குள்ள இயற்கை ஆர்வலர்களுக்கு இதன்மேல் பிரியம் கிடையாது. அது நியாயமான வருத்தம். ஒரு நீர்நிலையில் பிடித்த கெண்டையை உயிரோடு வாளியில் போட்டு இன்னொரு குட்டையில் கொண்டுபோய் விடாதீர்கள், அனுமதி இல்லாமல் அப்படிச் செய்வது சட்டப்படி குற்றம்.

கெண்டைக்கு இரைப்பை கிடையாது. கிடைத்ததைக் கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்க மேய்ந்துகொண்டே இருக்க வேண்டிய உடம்பு. சேற்றோடு உறிஞ்சும், வாயிலேயே பிரிக்கும், வேண்டாததைத் துப்பும், வேண்டியதைத் தொண்டைக்குள் இருக்கும் பற்களால் அரைக்கும். உங்கள் ஃப்ளையையும் அப்படித்தான் உறிஞ்சிப் பார்த்துத் துப்பும். அதற்கு ஒரு நொடி போதும், உங்கள் கைக்கு ஒன்றும் தெரியாது. காதும் கூர்மை. காற்றுப்பையில் படும் ஒலியை உள்காதுக்குக் கடத்தும் சின்ன எலும்புச் சங்கிலி ஒன்று இந்தக் குடும்பத்து மீன்களுக்கு உண்டு. 1820இல் அதை விவரித்த வெபரின் பெயரால் வெபர் எலும்புகள் என்கிறார்கள். கரையில் சரளைக்கல் நறநறவென்றால் அதற்குள் கேட்டுவிடும். இன்னொன்றும் உண்டு. இந்த இனத்தில் ஒரு மீனின் தோல் காயப்பட்டால் கசியும் பொருளை மற்றவை முகர்ந்து மிரண்டு விலகும். கார்ல் வான் ஃபிரிஷ் 1938இல் ஒரு சின்ன ஆற்றுமீனில் கண்டறிந்தது அது. ஒரு கெண்டையைப் பிடித்து விட்ட இடத்தில் நான் அடுத்ததைத் தேடுவதில்லை. நூறு தப்படியாவது தள்ளிப்போவேன்.

எல்லாவற்றுக்கும் மேல், கெண்டை குளிர் ரத்த உயிர். தண்ணீரின் சூடுதான் அதன் பசி. 10 டிகிரிக்குக் கீழே போனால் ஆழத்தில் கூட்டமாக அசையாமல் கிடக்கும். 14, 15 டிகிரி வந்ததும் ஆழமில்லாத ஓரங்களைத் தேடி வரத் தொடங்கும். 18ஐத் தாண்டினால் முட்டையிடும் வேகம் பிடிக்கும். 20க்கும் 26க்கும் நடுவில் வயிறார மேயும். அதற்கும் மேலே போனால் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துபோகும். கடல் மட்டத்தில் 10 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும், 25 டிகிரியில் 8 சொச்சம்தான். நீங்கள் இருக்கும் ஹைவெல்ட் பீடபூமி 1,500 மீட்டருக்கு மேலே. அந்த உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதால் இதிலும் ஆறில் ஒரு பங்கு போய்விடும். ஜனவரி உச்சி வெயிலில் கெண்டை மேல்மட்டத்தில் மரக்கட்டை மாதிரி மிதந்துகொண்டு எதையும் சீண்டாமல் இருப்பதற்குக் காரணம் இதுதான். அந்த மீனுக்கு எத்தனை ஃப்ளை மாற்றிப் போட்டாலும் பயனில்லை.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தவர் பீட்டர்மரிட்ஸ்பர்க்கில், நார்த்டேலில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் இருந்த ஒரு தாத்தா. அவருடைய முன்னோர் கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலியாக வட ஆற்காட்டிலிருந்து வந்தவர்கள். 1860 நவம்பர் 16ஆம் தேதி சென்னையிலிருந்து டர்பனில் வந்து நின்ற ட்ரூரோ முதல் கப்பல். அதற்குப் பிறகு வந்த ஏதோ ஒரு கப்பலில் தன் பாட்டனார் வந்ததாகச் சொல்வார். செருப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தமிழ் கொஞ்சம்தான் வரும். ஆனால் மீன் விஷயம் என்றால் அந்தக் கொஞ்சத் தமிழே போதுமானதாக இருந்தது.

புரட்டாசி விரதத்தை இங்கே நான்காம், ஐந்தாம் தலைமுறைத் தமிழ்க் குடும்பங்கள் எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள் என்பதை டர்பன் பக்கம் போனால் தெரிந்துகொள்வீர்கள். தாத்தா அந்த மாதம் முழுக்கத் தூண்டிலைத் தொடமாட்டார். ஆனால் சனிக்கிழமை காலையில் மிட்மார் அணைக்கு மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். ஹோவிக் பக்கம் உம்கேனி ஆற்றின் குறுக்கே 1965இல் கட்டி முடித்த அணை அது. பிப்ரவரியில் ஆயிரக்கணக்கானவர்கள் நீந்தும் மிட்மார் மைல் போட்டி நடப்பதும் அதில்தான். கையில் ராட் இல்லை. ஆளுக்கு ஒரு போலரைஸ்ட் கண்ணாடி (தண்ணீரின் மினுக்கத்தை மறைத்து உள்ளே காட்டும்), ஒரு தெர்மாமீட்டர், தயிர்சாதப் பொட்டலம். கரை மேட்டில் உட்கார்ந்து இரண்டு மணி நேரம் தண்ணீரைப் பார்ப்போம்.

முதல் நாள் எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. தாத்தா கையை நீட்டி, "தம்பி, மீன் தேடாதே. சேறு எங்கே பூக்குது பாரு," என்றார். முழங்கால் ஆழத் தண்ணீரில் டீயில் பால் விட்ட மாதிரி ஒரு கலங்கல் மெல்ல விரிந்தது. அதன் முனையிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி. குமிழி வரும் திசையில் கண்ணை நகர்த்தியபோது ஒரு வால் நுனி, ஆரஞ்சு கலந்த பழுப்பில், தண்ணீருக்கு மேலே விரல் நீளம் எட்டிப்பார்த்து மடங்கியது. தலை கீழே, வால் மேலே: நின்று மேயும் கெண்டை. அரை மணி நேரத்தில் அந்த மாதிரி ஏழு கலங்கலை என்னால் தனியாகவே எண்ண முடிந்தது. நான்கு சனிக்கிழமை இப்படிப் போனது. மூன்றாம் வாரம், மேய்கிற மீன், சும்மா உலாத்துகிற மீன், வெயில் காய்கிற மீன், துரத்திக்கொண்டு முட்டையிடுகிற மீன் நான்கையும் பார்த்த மாத்திரத்தில் பிரித்துச் சொல்ல வந்தது. அந்த ஒரு மாதம்தான் நான் கற்ற பாடத்தில் பெரும்பங்கு. நீங்களும் முதல் புரட்டாசியை இப்படிப் போக்கினால் நல்லது என்று மனதாரச் சொல்கிறேன்.

ஏன் புரட்டாசி? இங்கே பருவம் தலைகீழ். செப்டம்பர் நடு முதல் அக்டோபர் நடு வரை நமக்குப் புரட்டாசி, இந்த நாட்டுக்கு அது இளவேனில். குளிர்காலம் மழையில்லாத காலம் என்பதால் தண்ணீர் அப்போது கண்ணாடியாக இருக்கும். வெயில் ஏற ஏற ஓரத் தண்ணீர் முதலில் சூடாகும். ஆறு மாதம் பட்டினி கிடந்த மாதிரி கெண்டை ஓரத்துக்கு வரும். தெளிந்த தண்ணீர், ஆழமில்லாத இடம், பசித்த மீன். ஃப்ளைக்கு இதைவிடத் தோதான கூட்டு வேறு மாதத்தில் அமையாது.

ஆடி, ஆவணியிலேயே இதற்கு அறிகுறி தொடங்கிவிடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பது ஹைவெல்டுக்கும் பொருந்தும், ஆகஸ்டில் புழுதிக் காற்று ஓயாமல் அடிக்கும். நட்டால் பக்கம் அப்போது பெர்க் காற்று வரும். மலையிலிருந்து இறங்கும் வறண்ட சூடான காற்று, அடுத்த நாளே குளிர் அலை வரப்போகிறது என்பதற்கு முன்னறிவிப்பு. அந்த ஒரு நாள் மேல்தண்ணீரைச் சூடாக்கி எதிர்க்கரைக்குத் தள்ளும். வடமேற்கிலிருந்து அடித்தால் தென்கிழக்குக் கரையில் போய் நில்லுங்கள். அணையின் மற்ற பக்கம் 11 டிகிரி காட்டும்போது அங்கே 14 காட்டும், மீன் அங்கேதான் இருக்கும். காற்று முகத்தில் அடிப்பதால் வீசுவது சிரமம், ஆனால் அலையின் சத்தத்தில் நீங்கள் நடப்பது மீனுக்குக் கேட்காது.

சூரியனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஊரிலிருந்து வந்தவர்கள் எல்லோரும் முதலில் தடுமாறுகிற இடம் இது. இங்கே நடுப்பகல் சூரியன் வட வானத்தில் நிற்கும். மீனைப் பார்க்க வெயில் உங்கள் முதுகில் விழ வேண்டும் என்றால் வடக்குக் கரையில் நின்று தெற்குப் பார்த்துத் தேட வேண்டும். ஆனால் உங்கள் நிழல் தண்ணீரில் விழும். ஆகவே ஒரு முட்டியை ஊன்றி உட்கார்ந்துகொள்ளுங்கள். அரக்கு நிறக் கண்ணாடி சாம்பல் நிறத்தைவிடப் பழுப்புத் தண்ணீரில் நன்றாகக் காட்டும்.

இளவேனிலுக்கு என்ன கட்டுவது என்றால், 8ஆம் எண் முள்ளில் (எண் கூடக் கூட முள் சின்னது) பழுப்பு அல்லது ஆலிவ் நிற நிம்ஃப், அதாவது நீர்ப்பூச்சிப் புழு மாதிரி ஒரு ஃப்ளை. தட்டான், ஊசித்தட்டான் புழுக்கள் அடியில் ஊர்வதைப் போல இருந்தால் போதும். கண் இடத்தில் சின்ன மணிச் சங்கிலி கட்டினால் முள் மேல்நோக்கித் திரும்பி விழும், பாசியில் மாட்டாது. ஈயக் கண் வேண்டாம், அது தண்ணீரில் விழும் 'பொளக்' சத்தம் முழங்கால் ஆழத்தில் வெடிபோட்ட மாதிரி. அக்டோபரில் மல்பெரி பழுக்கும். தண்ணீர்மேல் சாய்ந்த மல்பெரி மரம் கண்ணில் பட்டால் அன்றைக்கு வேறு எங்கும் போக வேண்டாம். பழம் 'டப்' என்று விழும், இரண்டு நொடியில் ஒரு வாய் வந்து உறிஞ்சிக்கொண்டு போகும். கருஞ்சிவப்பு நூலையோ ஆட்டு மயிரையோ உருண்டையாகக் கட்டி நறுக்கிய ஃப்ளையை அதே சத்தத்தோடு போட்டால் கெண்டை நிறம்கூடப் பார்க்காது. சத்தம் கூடாது என்று சொன்னதற்கு இந்த ஒரு இடம் விதிவிலக்கு.

அதே நாட்களில் முதல் மழை பெய்த மறுநாள் ஈசல் பறக்கும். வைகறையிலும் அந்தியிலும் இறக்கை உதிர்ந்த ஈசல் தண்ணீர்மேல் படிந்தால், மேல்மட்டத்துக்கு வராத கெண்டையும் வந்து உதட்டைக் குவித்து 'ச்ப்', 'ச்ப்' என்று நுரையோடு சேர்த்து உறிஞ்சும். மிதக்கும் பழுப்பு ஃப்ளை, 10ஆம் எண். வருடத்தில் நான்கைந்து நாள்தான் இது வாய்க்கும். ஈசலைப் பார்த்தால் நான் அலுவலகத்தில் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

அக்டோபர் கடைசி, நவம்பரில் கோரைக்குள் தண்ணீர் கொதிப்பது போலச் சத்தம் கேட்கும். நான்கைந்து ஆண்மீன் ஒரு பெண்மீனை நெருக்கிக்கொண்டு ஓடும். கிலோ எடைக்கு லட்சத்துக்கும் குறையாத முட்டையைப் பெண்மீன் புல்லிலும் பாசியிலும் ஒட்டவிடும், 20 டிகிரியில் நான்கு நாளுக்குள் பொரிந்துவிடும். அந்த மீன்களுக்குச் சாப்பாட்டு நினைவே கிடையாது. ஃப்ளை போட்டால் உடம்பில் எங்காவது குத்தி மாட்டும். வந்தேறி மீன்தானே என்று சிலர் செய்கிறார்கள், நான் செய்வதில்லை. ஐம்பது தப்படி தள்ளி, முட்டைக்காகவே காத்து நிற்கும் சின்ன மீன்களுக்குப் பின்னால் பெரிய கெண்டைகள் மேய்ந்துகொண்டிருக்கும். அங்கே போங்கள்.

இப்போது வீச்சு. ட்ரவுட்டுக்கு நீங்கள் படித்ததில் பாதியை மறக்க வேண்டியிருக்கும். இருபது மீட்டர் வீசத் தேவையில்லை. என் மீன்களில் பெரும்பாலானவை எட்டு மீட்டருக்குள் பிடித்தவை. மேய்கிற கெண்டைக்கு மூக்கைச் சுற்றி ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு இடம்தான் கண்ணுக்குத் தெரிகிற உலகம். ஃப்ளை அந்தத் தட்டுக்குள் விழ வேண்டும், ஆனால் வானத்திலிருந்து விழக்கூடாது. மீனுக்கு அப்பால் ஒன்றரை மீட்டர் தள்ளிப் போட்டு, ராடை உயர்த்தி ஃப்ளையை மேல்மட்டத்திலேயே வழித்துக் கொண்டுவந்து, மூக்குக்கு நேர் மேலே நிறுத்திக் கீழே விடுங்கள். அது தானாக இறங்கட்டும். அதற்குப் பிறகு இழுக்காதீர்கள், ஆட்டாதீர்கள். கெண்டை துரத்திப் பிடிக்கிற மீன் இல்லை. ஓடும் இரை அதற்குச் சந்தேகம்.

பிறகு ஃப்ளையைப் பார்க்காதீர்கள், மீனைப் பாருங்கள். இதில்தான் என் முதல் வருடம் முழுக்கப் போனது. தக்கை முங்கியதும் வெடுக்கென்று தூக்கிப் பழகிய கை என்னுடையது. நரம்பு அசையட்டும் என்று காத்திருந்தேன், அசைந்தபோது மீன் துப்பிவிட்டிருந்தது. ஒன்பது மீன் அப்படிப் போனதாக நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பத்தாவதை எடுத்துத் தந்தது தாத்தாவின் குரல். ஐப்பசி முதல் வாரம், காலை பத்து மணி, தண்ணீர் 17 டிகிரி. முட்டி ஊன்றி இருந்த எனக்கு ஐந்து மீட்டரில் ஒரு மீன். ஃப்ளை இறங்கியது. மீன் முன்னால் கையளவு நகர்ந்தது, நின்றது. செவுள் மூடி இரண்டு பக்கமும் விரிந்தது, வால் ஒருதரம் நடுங்கியது. "இப்ப," என்றார் பின்னாலிருந்து. ராடைத் தூக்காமல் இடது கையால் நரம்பை நீளமாக இழுத்தேன். கல்லில் மாட்டியது போல நின்றது, அப்புறம் அந்தக் கல் அணையின் நடுவை நோக்கிப் புறப்பட்டது. நாலரைக் கிலோ, பதினெட்டு நிமிடம். நகர்ந்து நிற்பது, செவுள் விரிவது, வால் நடுங்குவது: இந்த மூன்றில் ஒன்று தெரிந்தாலும் இழுங்கள். தப்பாக இழுத்தாலும் மெதுவாக நீள இழுத்தால் ஃப்ளை அரை அடி நகரும், அவ்வளவுதான், மீன் மிரளாது. மேல்நோக்கி வெடுக்கினால் அந்தக் குடா முழுக்கக் காலியாகும்.

கோடைக்கு வருவோம். டிசம்பர், ஜனவரி, தைப்பூசக் காவடி எடுக்கிற நாட்கள் வரை ஹைவெல்டில் தினமும் பிற்பகல் இடிமழை. வால் என்ற சொல்லுக்கே ஆஃப்ரிகான்ஸில் மங்கலான சாம்பல் பழுப்பு என்று பொருள், நதிக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்பது அப்போது தெரியும். கலங்கிய ஆற்றில் பார்த்துப் பிடிப்பது முடியாது. அணைகளில் தண்ணீர் ஏறி, புல்தரை மூழ்கும் நாட்களைப் பாருங்கள். நேற்றுவரை வறண்டு கிடந்த புல்லில் இன்று ஒரு சாண் தண்ணீர், மண்புழுவெல்லாம் வெளியே. கெண்டை முதுகுத்துடுப்பு வெளியே தெரிய அந்தப் புல்லுக்குள் மேயும். சிவப்பு நூலில் கட்டிய புழு ஃப்ளை ஒன்று போதும். விடிகாலை ஐந்து முதல் எட்டரை வரைதான் நேரம்.

மின்னலை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஃப்ளை ராட் கார்பன், மின்சாரத்தைக் கடத்தும். திறந்த கரையில் ஒன்பது அடி கம்பியைத் தூக்கிப் பிடித்து நிற்பதும் அதுவும் ஒன்று. மின்னல் தெரிந்து 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. ராடைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போங்கள், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வரவேண்டும். மேகம் தலைக்கு மேலே வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

மாசி பிறந்து பங்குனி, சித்திரைக்குள் மழை ஓயும், தண்ணீர் தெளியும். பெரிய மீன் வேண்டுமென்றால் இந்த இலையுதிர் காலம்தான். குளிருக்கு முன் கொழுப்பு சேர்க்க நாள் முழுக்க மேயும், இளவேனிலின் பதற்றம் இருக்காது, ஆனால் ஒரு கோடை முழுக்க ஆட்களைப் பார்த்துப் பார்த்து உஷாராகியிருக்கும். ஃப்ளையைக் கட்டும் கடைசி மெல்லிழையை (டிப்பெட்) ஒரு படி மெலிதாக்கி, நரம்பையும் ஃப்ளையையும் இணைக்கும் இழையை (லீடர்) 12 அடியாக்குங்கள். கரைப்புல் காய்ந்து வெட்டுக்கிளி நிறையும். பிற்பகல் காற்றில் அவை தண்ணீரில் விழும் ஓரத்தில் மிதக்கும் வெட்டுக்கிளி ஃப்ளை அருமையாக வேலை செய்யும். வால் நதியிலும் இப்போதுதான் தெளிவு திரும்பும், அங்கே கெண்டையோடு மஞ்சள்மீனும் வரும். இரண்டுக்கும் மீசை உண்டு என்பதால் புதியவர்களுக்குக் குழப்பம். கெண்டையின் முதுகுத்துடுப்பு நீளமானது, முன்முள்ளில் ரம்பம் போலப் பல் இருக்கும். மஞ்சள்மீனுக்குத் துடுப்பு குட்டை, உடம்பு பொன் நிறம். அது இந்த மண்ணின் மீன். பெரிய வாய் மஞ்சள்மீன் எண்ணிக்கை குறைந்துவரும் இனம், தண்ணீரிலிருந்து வெளியே எடுக்காமலே முள்ளைக் கழற்றி விடுங்கள். கண்ணைப் பழக்க இன்னொரு இடம் வேண்டுமென்றால் ஹாரிஸ்மித் பக்கம் 1977இல் முடிந்த ஸ்டெர்க்ஃபொன்டெயின் அணை. தண்ணீர் அவ்வளவு தெளிவு, சின்ன வாய் மஞ்சள்மீன் வருவதைத் தொலைவிலிருந்தே பார்க்கலாம்.

குளிர்காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஜூன், ஜூலையில் காலையில் கரைப்புல் வெண்பனியில் இருக்கும். பதினொன்றரைக்கு முன் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டாம், மூன்று மணிக்கு முடிந்துவிடும். கருங்கல் சரிவு, கான்கிரீட் சுவர் மாதிரி வெயிலை வாங்கி வைக்கும் இடங்களை ஒட்டிப் பாருங்கள். சேற்றில் வாழும் ஒரு கடிக்காத கொசுவினப் புழுதான் அப்போது முக்கிய உணவு. நம் ரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபினே அதற்கும் இருப்பதால் ரத்தச் சிவப்பு. 12, 14ஆம் எண் முள்ளில் சிவப்பு நூல் சுற்றி, மெதுவாக, மிக மெதுவாக. ஒரு நாளைக்கு ஒரு மீன் என்றால் அது நல்ல நாள்.

கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர்களைப் பார்ப்பீர்கள். சோள மாவைக் களி மாதிரி கிண்டி உருட்டி, மணக்கும் திரவத்தில் தோய்த்துப் போடுகிற 'பாப்ஹோய்' ஆட்கள். நல்ல மனிதர்கள், அந்தந்த அணையை அவர்களுக்கு மேல் அறிந்தவர்கள் கிடையாது. அவர்களின் நரம்புக்குக் குறுக்கே வீசாதீர்கள், எந்தக் குடாவில் மீன் உருளுகிறது என்று மரியாதையாகக் கேளுங்கள். அவர்கள் வழக்கமாகச் சோளம் தூவும் இடத்தில் மஞ்சள் நூலில் சோளமணி மாதிரி ஒரு ஃப்ளை கட்டிப் போட்டாலும் கெண்டை எடுக்கும். அது ஃப்ளை ஆகுமா என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. மீன் உண்பதைப் பார்த்து அதைப் போலக் கட்டுவதுதான் இந்தக் கலை என்பதால் எனக்கு அதில் மறுப்பில்லை.

உரிமம் மாகாணத்துக்கு மாகாணம் தனி. வால் நதியின் ஒரு கரை கௌதெங், எதிர்க்கரை ஃப்ரீ ஸ்டேட். நிற்கும் கரைக்கு உரியதை வைத்திருங்கள். குவாசூலு-நட்டாலில் எசெம்வெலோ என்ற வனவிலங்குப் பாதுகாப்பு அமைப்பு கொடுக்கிறது. தாழ்வான வெப்பப் பகுதிகளில் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு இறங்க வேண்டாம், பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி தோல் வழியாகவே ஏறும். வடக்கே முதலை, நீர்யானை இருக்கும் அணைகளில் தண்ணீரில் இறங்குவது பற்றி யோசிக்கவே வேண்டாம். எங்கே போனாலும் துணைக்கு ஒருவரோடு போங்கள்.

சமைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். சுத்தமான அணையில் பிடித்த ஒன்றரை, இரண்டு கிலோ மீன் என்றால் புளிக்குழம்புக்கு நன்றாக இருக்கும். சதைக்குள் ஒய் வடிவ முள் நிறைய, குழந்தைகளுக்குப் பார்த்துக் கொடுக்க வேண்டும். ஆனால் உங்கள் வீட்டுக்கு அருகே வால் நதியின் தடுப்பணைப் பகுதியில் பிடித்ததைச் சாப்பிடாதீர்கள். அங்கே கழிவுநீர் கலப்பதைப் பற்றி மனித உரிமை ஆணையம் விசாரித்து 2021இல் அறிக்கையே வெளியிட்டது. மீனைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் பொட்டலத்தைப் பிரிக்க வேண்டும்.

உங்களிடம் இருப்பது ட்ரவுட் ராட் என்றீர்கள். அநேகமாக 5ஆம் எண்ணாக இருக்கும் (ராடில் எண் கூடக் கூட வலு கூடும்). அதில் இரண்டு கிலோ வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் மீன் களைத்துச் சாகும் அளவுக்கு இழுபறி நீளும். 7ஆம் எண் ராட் ஒன்று, மிதக்கும் நரம்பு, இழுவிசை சீராக விடும் ரீல், நரம்புக்குப் பின்னால் கூடுதல் நூலாக நூறு மீட்டர் பேக்கிங், நான்கு கிலோ தாங்கும் ஃப்ளோரோகார்பன் டிப்பெட், முட்டி வரை வரும் அகலமான வலை. முள்ளின் நுனியில் பின்பக்கமாக நீட்டியிருக்கும் சின்னக் கொக்கியைக் குறடால் நசுக்கிவிடுங்கள். இதையெல்லாம் ஐப்பசிக்குள் சேர்த்தால் போதும், அவசரமில்லை. இந்த வாரமே வாங்க வேண்டியது தெர்மாமீட்டரும் கண்ணாடியும் மட்டும். இன்னும் மூன்று வாரத்தில் புரட்டாசி பிறக்கிறது. வீட்டுக்குப் பக்கத்து அணையில் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், சனிக்கிழமைதோறும் முழங்கை ஆழத்தில் சூட்டைப் பார்த்துத் தேதியோடு எழுதுங்கள். 15ஐத் தொட்ட அன்று கோரை ஓரத்தில் பாலாகக் கலங்கும் இடம் ஏதாவது தெரிகிறதா என்று எனக்கு எழுதுங்கள், எந்தப் பக்கம் காற்று என்பதையும் சேர்த்து.